தம்பிக்கு 18 ஆனதும் முடங்கிய உதவித்தொகை: என் அனுபவம்

தம்பிக்கு அறிவுசார் குறைபாடு. மாதாமாதம் வரும் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, அம்மா காப்பாளராக இருந்த அவனுடைய மைனர் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. அவனுக்கு 18 ஆனதும் பணம் ஏறியது, எடுக்கத்தான் முடியவில்லை. அவனுக்குக் கையெழுத்து வராது. அம்மா கையெழுத்து இனி செல்லாது என்றது வங்கி.

பேசாமல் உன் கணக்குக்கு மாற்றிக்கொள் என்று உறவினர்கள் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அது அவன் பணம், அவன் பெயரில்தான் இருக்க வேண்டும்.

தர்மபுரியில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்தபோதுதான் வழி கிடைத்தது. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழு சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கிறது. ஆட்டிசம், பெருமூளை வாதம், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். அம்மாவுக்கு வயதாகிவிட்டதால் என் பெயரில் விண்ணப்பித்தோம். காப்பாளர் சான்றிதழை வங்கியில் காட்டியதும் கணக்கு திறந்தது. இப்போது அவன் பெயர், என் கையெழுத்து.

காப்பாளர் ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். அதற்காக ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். டயப்பர், வலிப்பு மாத்திரை, பாலக்கோட்டுக்கு ஆட்டோ என்று அம்மா சொல்லச் சொல்ல எழுதி, மருந்துக்கடை பில்லை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடுவேன். உங்கள் வீட்டில் 17 வயதுப் பிள்ளை இருந்தால், அடையாள அட்டை, ஆதார் நகல்களை இப்போதே எடுத்து வையுங்கள்.