உலகக் கண்காட்சி அரங்குகளின் பழைய படங்களை ஆராய்வது எப்படி?

உலகக் கண்காட்சிகளுக்கென்று எழுப்பப்பட்ட அரங்குகளில் பெரும்பாலானவை ஆறு மாதம் நிற்பதற்காகவே கட்டப்பட்டவை. கண்காட்சி முடிந்ததும் அவை இடிக்கப்பட்டன அல்லது கழற்றி விற்கப்பட்டன. சில மட்டும் அருங்காட்சியகமாகவும், உணவகமாகவும், ஓவியர்களின் குடியிருப்பாகவும் இரண்டாம் வாழ்வைப் பெற்றன. அந்த இரண்டாம் வாழ்வை அறியாமல் ஓர் அரங்கின் பழைய புகைப்படத்துக்குச் சரியான ஆண்டும் இடமும் குறிப்பது கடினம். படத்தின் பின்புறம் எழுதப்பட்ட ஆண்டு தவறாக இருக்கலாம், காப்பகப் பட்டியலில் உள்ள தலைப்பும் தவறாக இருக்கலாம். ஆனால் இடம் மாறிய கட்டடமும், எரிந்துபோன பகுதியும், மாற்றப்பட்ட மேற்பரப்பும் படத்தில் உள்ளபடியே பதிந்திருக்கும். ஆகவே எழுத்தை விடக் கட்டடத்தை நம்புங்கள்.

முதலில் படத்தை ஒரு பொருளாகப் பாருங்கள்

கையில் அசல் அச்சுப்படம் இருந்தால், அதன் முன்புறம், பின்புறம், ஒட்டப்பட்ட அட்டை, ஓரங்கள் ஆகிய அனைத்தையும் வெட்டாமல் முழுமையாக ஸ்கேன் செய்யுங்கள். பதிப்பகத்தின் பெயர், வரிசை எண், முத்திரை, பென்சில் குறிப்பு ஆகியவை பெரும்பாலும் ஓரங்களில்தான் இருக்கும். அழகுக்காக ஓரத்தை வெட்டியவர் சாட்சியை வெட்டியவராகிறார். வரிசை எண் குறிப்பாக மதிப்புடையது, ஏனெனில் ஒரே நிறுவனம் வெளியிட்ட தொடரில் முன்னும் பின்னும் உள்ள எண்களைக் கொண்ட படங்கள் வேறு காப்பகத்தில் தெளிவான குறிப்புடன் கிடைக்கக்கூடும்.

அடுத்து, படம் எந்த முறையில் அச்சிடப்பட்டது என்று பாருங்கள். மெல்லிய தாளில் அச்சாகி, சுருளாமலிருக்கத் தடித்த அட்டையில் ஒட்டப்பட்டு, வெளிச்சமான பகுதிகள் மஞ்சளித்திருந்தால் அது பெரும்பாலும் முட்டை வெண்கரு பூசிய ஆல்புமின் அச்சு. 1850களிலிருந்து 1890கள் வரை இதுவே பரவலாக இருந்தது. கருமையான பகுதிகளில், சாய்த்துப் பார்க்கும்போது நீலம் கலந்த உலோகப் பளபளப்பு தெரிந்தால் அது ஜெலட்டின் வெள்ளி அச்சாக இருக்கலாம். 1960களின் வண்ண அச்சுகளில் பல இன்று செந்நிறம் ஏறிக் கிடக்கின்றன. அதே காலத்துக் கோடக்குரோம் ஸ்லைடுகள் இருட்டில் வைக்கப்பட்டிருந்தால் நிறம் குன்றாமல் இருக்கும். இருப்பினும் ஓர் எச்சரிக்கை அவசியம்: இந்த அடையாளங்கள் அச்சிடப்பட்ட காலத்தைத்தான் காட்டுகின்றன, படம் எடுக்கப்பட்ட காலத்தை அல்ல. பழைய நெகட்டிவிலிருந்து பல பத்தாண்டுகள் கழித்தும் அச்சு எடுக்க முடியும்.

எடுத்தவர் யார் என்பதும் படத்தின் தன்மையைத் தீர்மானிக்கிறது. 1893ஆம் ஆண்டு சிகாகோ கண்காட்சியில் சார்லஸ் டட்லி அர்னால்ட் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக இருந்தார்; பொதுமக்கள் கையடக்கக் கேமராவைக் கொண்டுவர நாளொன்றுக்கு 2 டாலர் செலுத்த வேண்டியிருந்தது, முக்காலிக்கு அனுமதி இல்லை. எனவே நேர்கோடுகள் சிதையாமல் பெரிய வடிவத்தில் எடுக்கப்பட்ட படம் அதிகாரபூர்வத் தரப்பிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். அத்தகைய படங்கள் கட்டடத்தின் கம்பீரத்தைக் காட்டுவதற்காக எடுக்கப்பட்டவை. அரங்கின் பின்புறமும் சரக்கு வாசலும் பார்வையாளர்களின் சாதாரணப் படங்களில்தான் அதிகம் கிடைக்கும். மறுபயன்பாட்டை ஆராய்பவருக்கு இந்தச் சாதாரணப் படங்களே பெரிதும் உதவும் என்பது என் கருத்து.

எந்தக் கண்காட்சி, எந்தக் கட்டம்?

இந்தப் பகுதிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். ஒரே கட்டடம் பல நிலைகளைக் கடந்திருந்தால், அந்த நிலைகளின் ஆண்டுகளை முதலில் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு, பிறகு படத்தை உருப்பெருக்கி வழியாகப் பார்க்க வேண்டும்.

இதற்கு மிகச் சிறந்த பயிற்சி லண்டன் கிரிஸ்டல் பேலஸ். ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்த இந்த இரும்புக் கண்ணாடிக் கட்டடம் 1851 கண்காட்சிக்காக ஹைட் பார்க்கில் நின்றது. பின்னர் பிரிக்கப்பட்டு, சிடனம் குன்றில் பெரிதாக்கிக் கட்டப்பட்டு 1854இல் திறக்கப்பட்டது. ஹைட் பார்க்கில், நீண்ட நடுக்கூடத்தைக் குறுக்கே வெட்டிச் செல்லும் வளைகூரையுடைய குறுக்குக்கூடம் ஒன்றுதான் இருந்தது. சிடனத்தில் மூன்று குறுக்குக்கூடங்கள் இருந்ததோடு, நீண்ட நடுக்கூடத்தின் கூரையும் வளைவாக அமைந்தது. 1866 டிசம்பரில் ஏற்பட்ட தீயில் வடக்குக் குறுக்குக்கூடம் அழிந்தது, அது திரும்பக் கட்டப்படவே இல்லை. 1936 நவம்பர் 30 அன்று எஞ்சிய கட்டடமும் எரிந்தது. ஆகவே கட்டடத்தின் முழு நீளத்தையும் காட்டும் ஒரு படத்தில் மூன்று குறுக்குக்கூடங்கள் தெரிந்தால் அது 1866க்கு முந்தையது, இரண்டு மட்டும் தெரிந்தால் அதற்குப் பிந்தையது. சிடனத்துக்காகப் பொறியாளர் பிரூனெல் வடிவமைத்த இரண்டு நீர்க்கோபுரங்களில் ஒன்று தெரிந்தாலும் அது ஹைட் பார்க் அல்ல என்பது உறுதி. சிடனத்தில் கட்டுமானம் நடந்தபோது பிலிப் ஹென்றி டெலமோட் எடுத்த படத்தொடர் கிடைக்கிறது. வெறும் இரும்புச் சட்டகமாக நிற்கும் கூடத்தைக் கண்டு இடிப்பு நடக்கிறது என்று எண்ணிவிடாமல் இருக்க அந்தத் தொடரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாரிஸ் இன்னொரு சிக்கலைத் தருகிறது, ஏனெனில் அங்கே ஒரே திடலில் பல கண்காட்சிகள் நடந்தன. 1889இல் கட்டப்பட்ட இயந்திரக் கூடம் 1900ஆம் ஆண்டுக் கண்காட்சியிலும் பயன்பட்டு, 1910இல் இடிக்கப்பட்டது. ஐஃபல் கோபுரமோ இரண்டிலும் நிற்கிறது. எனவே கோபுரத்தை வைத்து ஆண்டைச் சொல்லாதீர்கள், அதன் அருகில் உள்ளவற்றை வைத்துச் சொல்லுங்கள். கோபுரத்தின் பக்கத்தில் விண்கோளம் எனப்பட்ட பிரமாண்டமான கோள வடிவக் கட்டடம் தெரிந்தால் அது 1900. ஆற்றின் மறுகரையில் வட்டக் கூடமும் இரு கோபுரங்களும் கொண்ட ட்ரோகடேரோ மாளிகை தெரிந்தால், 1878 கண்காட்சிக்காக எழுந்த அந்தக் கட்டடம் 1937 கண்காட்சிக்காக ஷாயோ மாளிகையாக மாற்றப்படுவதற்கு முன் எடுக்கப்பட்டது. அந்த மாற்றத்தில் நடுப்பகுதி நீக்கப்பட்டது, இரு பக்கச் சிறகுகளின் உட்கட்டமைப்பு புதிய முகப்புக்குள் தங்கியது. இடிக்கப்பட்டது என்று பட்டியலில் எழுதப்பட்ட கட்டடம் முழுமையாக இடிக்கப்படாமலும் இருக்கலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பருவத்தையும் கவனியுங்கள். சிகாகோ கண்காட்சி 1893 மே 1இல் தொடங்கி அக்டோபர் இறுதியில் முடிந்தது. அரங்குகளைச் சுற்றித் தடித்த பனி கிடந்தால், அந்தப் படம் கட்டுமானக் குளிர்காலத்தையோ கைவிடப்பட்ட குளிர்காலத்தையோ சேர்ந்தது. சாரம், பெயர்ந்த பூச்சு, உடைந்த கண்ணாடி ஆகியவை இவ்விரண்டில் எது என்பதைச் சொல்லும்.

அஞ்சலட்டைகளிடம் எச்சரிக்கை தேவை. பல அட்டைகள் கட்டடம் முடிவதற்கு முன்பே வரைபடத்தை வைத்து அச்சிடப்பட்டவை. புகைப்படங்களும் திருத்தப்பட்டன: 1929 பார்சலோனா கண்காட்சிக்காக மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்த ஜெர்மன் அரங்கைப் பல பத்தாண்டுகள் உலகம் அறிந்தது பெர்லினர் பில்ட்-பெரிக்ட் நிறுவனத்தின் கறுப்பு வெள்ளைப் படங்கள் வழியாகத்தான், அவற்றிலும் கைத்திருத்தங்கள் உண்டு. அரங்கு 1930இல் பிரிக்கப்பட்டுவிட்டது. அதன் பளிங்கும் ஓனிக்ஸ் கல்லும் எந்த நிறத்தில் இருந்தன என்பதை அந்தப் படங்கள் சொல்வதில்லை.

கட்டடம் போன வழியைத் தேடுதல்

படம் அடையாளம் காணப்பட்டபின், அரங்குக்கு என்ன நேர்ந்தது என்று தேடுங்கள். நின்ற இடத்திலேயே நின்றவை, முழுதாக இடம்பெயர்ந்தவை, துண்டு துண்டாக வேறு கட்டடங்களுக்குள் போனவை, மறைந்து மீண்டும் கட்டப்பட்டவை என்று அவற்றின் கதி வெவ்வேறானது. ஒவ்வொன்றையும் தேடும் வழியும் வேறு.

நின்ற இடத்திலேயே நின்றவற்றுக்குப் பெயர்தான் மாறிக்கொண்டே இருக்கும். நியூயார்க்கின் 1939 கண்காட்சியில் 'நியூயார்க் நகரக் கட்டடம்' எனப்பட்ட அரங்கில் 1946 முதல் 1950 வரை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை கூடியது. 1964 கண்காட்சியில் அது மீண்டும் அரங்கானது. 1972 முதல் அங்கே குவீன்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. இந்தக் கட்டடத்தின் படங்களை ஒரே பெயரில் தேடுபவருக்குப் பெரும்பகுதி கிடைக்காது. ஒவ்வொரு பயன்பாட்டுக் காலத்தின் பெயரையும் எழுதி, ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். சிகாகோவின் நுண்கலை மாளிகையும் அப்படியே: முதலில் ஃபீல்ட் அருங்காட்சியகமாக இருந்தது, அது 1920இல் காலி செய்தபின், 1933இல் அறிவியல் தொழில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. கண்காட்சியின் மற்றப் பெரிய கட்டடங்கள் பிளாஸ்டரும் சணல் நாரும் கலந்த தற்காலிகப் பூச்சுடன் நிற்க, இதற்கு மட்டும் உள்ளே செங்கல் சுவர் எழுப்பப்பட்டது. கலைப்பொருட்களைத் தீயிலிருந்து காப்பதே நோக்கம். அந்தச் செங்கல்தான் அதைக் காப்பாற்றியது. வெளிப்பூச்சு பின்னர் சுண்ணாம்புக்கல்லாக மாற்றப்பட்டதால், மேற்பரப்பின் நிலையே படத்தின் காலத்தைச் சொல்லிவிடும்.

இதே போலத்தான் மாண்ட்ரியலில் 1967 கண்காட்சிக்காகப் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் வடிவமைத்த கோள வடிவ அமெரிக்க அரங்கும். கோளத்தின் அக்ரிலிக் போர்வை 1976 மே மாதத் தீயில் எரிந்துபோய், எஃகுச் சட்டகம் மட்டும் நின்றது. 1995இல் அது சுற்றுச்சூழல் அருங்காட்சியகமானது. கோளம் ஒளியைப் பிரதிபலித்தால் தீக்கு முன், வானம் ஊடாகத் தெரிந்தால் தீக்குப் பின். 1958 பிரஸ்ஸல்ஸ் கண்காட்சிக்காக எழுந்த, கோளங்களால் ஆன அட்டோமியம் என்ற கட்டடத்தில் அலுமினியத் தகடுகள் தெரிந்தால் 2004–2006 புதுப்பிப்புக்கு முந்தையது, ஏனெனில் அப்போது அவை துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றப்பட்டன.

இடம்பெயர்ந்தவற்றைத் தேடுவது கடினம், மனநிறைவும் அதில்தான் அதிகம். 1889 பாரிஸ் கண்காட்சியின் சிலி நாட்டு இரும்பு அரங்கு கழற்றப்பட்டு, கப்பலில் சாண்டியாகோ சென்று, இன்று ஆர்ட்டெகின் அருங்காட்சியகமாக இருக்கிறது. 1893 சிகாகோவின் நார்வே அரங்கு விஸ்கான்சின் மாநிலத்தின் லிட்டில் நார்வே என்ற இடத்தில் பல பத்தாண்டுகள் நின்று, 2015இல் பிரிக்கப்பட்டு, நார்வேயின் ஓர்க்டாலுக்குத் திரும்பியது. 1958 பிரஸ்ஸல்ஸ் கண்காட்சிக்குக் கார்ல் ஷ்வான்ட்சர் வடிவமைத்த ஆஸ்திரிய அரங்கு 1962இல் வியன்னாவில் அருங்காட்சியகமாகத் திறந்தது. பிரஸ்ஸல்ஸில் நான்கு தூண்களின் மேல் மிதந்ததுபோல் நின்ற கட்டடத்தின் கீழ்த்தளம் வியன்னாவில் கண்ணாடியால் அடைக்கப்பட்டது. இடம்பெயர்ந்த கட்டடம் உருமாறாமல் இருப்பது அரிது, ஆகவே முழுத் தோற்றத்தைத் தேடாமல் மாறாத உறுப்புகளைத் தேடுங்கள்: தூண்களின் இடைவெளி, கூரைச் சட்டகத்தின் வடிவம், ரிவெட் ஆணிகளின் வரிசை.

துண்டுகளாகப் போனவற்றுக்குப் பாரிஸின் லா ரூஷ் நல்ல உதாரணம். 1900 கண்காட்சியின் மது அரங்கில் இருந்த இரும்பு வட்டக்கூடத்தைச் சிற்பி ஆல்ஃபிரட் பூஷே வாங்கி, மோன்பர்னாஸ் பகுதியில் கலைஞர்களுக்கான குடியிருப்பாக 1902இல் திறந்தார். அதன் வாயிற்கதவு வேறோர் அரங்கிலிருந்து வந்தது. ஓவியர்கள் ஷகாலும் சூட்டினும் அங்கே வாழ்ந்தார்கள். இத்தகைய இடங்களில் ஒரு படத்தை ஒரே அரங்கோடு பொருத்த முயலாதீர்கள். ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனியே மூலம் தேடுங்கள்.

மீண்டும் கட்டப்பட்டவை குழப்பத்தின் உச்சம். பார்சலோனா அரங்கு 1983 முதல் 1986 வரை அதே இடத்தில் மறுபடி எழுப்பப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவில் 1915 கண்காட்சிக்காகப் பெர்னார்ட் மேபெக் வடிவமைத்த நுண்கலை மாளிகை சிதைந்து, 1960களில் கான்கிரீட்டில் திரும்பக் கட்டப்பட்டது. இவற்றின் படங்களுக்கு 'அசல்' அல்லது 'மறுகட்டுமானம்' என்று தெளிவாகக் குறிப்பது உங்கள் கடமை.

காப்பகங்களில் தேடும்போது

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் அச்சு மற்றும் புகைப்படப் பிரிவு, பிரான்ஸ் தேசிய நூலகத்தின் கல்லிகா தளம், கனடா நூலகம் மற்றும் ஆவணக்காப்பகம், 1939 கண்காட்சியின் ஆவணங்களை வைத்திருக்கும் நியூயார்க் பொது நூலகம் ஆகியவை தொடங்குவதற்கு ஏற்ற இடங்கள். நடந்த நாட்டின் மொழியிலும், அரங்கு சென்று சேர்ந்த நாட்டின் மொழியிலும் தேடுங்கள். கட்டடம் சென்ற ஊரின் நகராட்சி ஆவணங்களும் உள்ளூர் செய்தித்தாள்களும் பெரும்பாலும் கண்காட்சியின் காப்பகத்தை விட அதிகம் சொல்லும், ஏனெனில் கண்காட்சி நடத்தியவர்களுக்கு அரங்கின் கதை விற்பனையோடு முடிந்துவிடுகிறது.

அதே கோணத்தில் மறுபடம் எடுத்தல்

கட்டடம் இன்றும் நின்றால், பழைய படத்தின் கேமரா இருந்த புள்ளியைக் கண்டுபிடித்து மீண்டும் எடுங்கள். பழைய படத்தில், அருகிலுள்ள ஒரு விளிம்பும் தொலைவிலுள்ள ஒரு விளிம்பும் ஒரே கோட்டில் சேரும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அவை அதேபோல் சேரும்வரை இடமும் வலமுமாக நகருங்கள். பிறகு, படத்தில் வேறு ஓரிடத்தில் அப்படிச் சேரும் இன்னோர் இணையைத் தேர்ந்து, முதல் கோடு பிசகாமல் முன்னும் பின்னும் நகருங்கள். இரண்டு இணைகளும் ஒருங்கே பொருந்தும் இடமே கேமரா நின்ற இடம். இறுதியாக உயரத்தைச் சரிசெய்யுங்கள். லென்ஸின் குவியத்தூரம் படத்தில் அடங்கும் பரப்பை மட்டுமே மாற்றும், பொருட்கள் ஒன்றுக்கொன்று அமைந்து தெரியும் விதத்தை மாற்றாது. ஆகவே சற்று அகலமாக எடுத்துப் பின்னர் வெட்டிக்கொள்ளலாம்.

குறிப்பு எழுதுதல்

ஒவ்வொரு படத்துக்கும் காப்பகத்தின் தலைப்பை மாற்றாமல் அப்படியே எழுதி, அதன் கீழே உங்கள் முடிவையும் அதற்கான காரணத்தையும் எழுதுங்கள்: 'வடக்குக் குறுக்குக்கூடம் இல்லை, ஆகவே 1866 டிசம்பருக்குப் பின்' என்பது போல. வெறும் ஆண்டை எழுதினால் அடுத்தவர் அதைச் சரிபார்க்க முடியாது. காப்பகத்தின் பெயரும் பட்டியல் எண்ணும் கட்டாயம் இருக்க வேண்டும். வெளியிடும் முன் புகைப்படத்தின் உரிமையையும் கட்டடத்தின் உரிமையையும் தனித்தனியே பாருங்கள், ஏனெனில் இரண்டும் வெவ்வேறு நபர்களுடையதாக இருக்கலாம். தலைப்பில் பிழை கண்டால் காரணத்துடன் காப்பகத்துக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் பழைய படத்தையும், உங்கள் மறுபடத்தையும், இரண்டிலும் பொருந்தும் உறுப்புகளைச் சுட்டும் குறிகளையும் இணைத்து அனுப்புங்கள்.