காட்டோரம் நாய், பூனை வளர்ப்பவர்களுக்கு

காட்டையொட்டிய ஊர்களில் நாய்களுக்குத் தடுப்பூசி போடுவது என் வேலை. "எங்க நாய் ஊசி போட்ட நாய்தான் டாக்டர்" என்பார்கள். அட்டையை வாங்கிப் பார்த்தால் வெறிநாய்க்கடி ஊசி மட்டும் இருக்கும். அதுவும் கட்டாயம் வேண்டும்தான். ஆனால் நாயிடமிருந்து புலி, சிங்கம், சிறுத்தைக்குப் போகக்கூடியவற்றில் நான் அதிகம் பயப்படுவது, மூச்சையும் குடலையும் மூளையையும் தாக்கும் கேனைன் டிஸ்டெம்பர் என்ற நாய் நோயின் வைரஸுக்கு. 1994இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிச் சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தக் கொள்ளைநோயில் மாண்டன. 2018இல் குஜராத்தின் கிர் காட்டுச் சிங்கங்களிலும் அதே வைரஸ். அதனால் "டிஸ்டெம்பரும் பார்வோவும் சேர்ந்த ஊசி" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பார்வோ என்பது நாய்க்குக் கடும் பேதி தரும் இன்னொரு வைரஸ்.

குட்டிக்கு 6–8 வாரத்தில் முதல் ஊசி, பிறகு 3–4 வாரத்துக்கு ஒருமுறை. கடைசி ஊசி 16 வாரம் முடிந்தபின் விழ வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. தாயின் சீம்பால் வழியே வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்தை வேலை செய்யவிடாது. அது எப்போது வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஒரே ஊசியோடு நிறுத்தினால் போட்டதும் போடாததும் ஒன்றாகிவிடலாம். ஓராண்டுக்குள் ஒரு பூஸ்டர், அதற்குப் பின் மருத்துவர் சொல்கிறபடி. மருந்து 2–8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். ஐஸ் பெட்டி இல்லாமல் வெயிலில் வந்த மருந்தை, யார் கொண்டுவந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நாய்க்கான இந்த டிஸ்டெம்பர்-பார்வோ ஊசியைப் பூனைக்குப் போடக் கூடாது. அதற்குத் தனி ஊசி உண்டு. பூனைக்கு ரத்தப் புற்றுநோய் தரக்கூடிய லுகேமியா வைரஸ் இருக்கிறதா என்று ரத்தமும் பார்த்துவிடுங்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பாந்தர் என்று அழைக்கப்படும் பூமாக்களுக்கு அது வீட்டுப் பூனையிடமிருந்துதான் போனது.

இரவில் நாயை உள்ளே அடையுங்கள். சிறுத்தைக்கு நாய் இரை, நோயுள்ள நாய் இன்னும் எளிய இரை. மேய்ச்சலுக்குப் போகும்போது நாயைக் காட்டுக்குள் விடாதீர்கள். செத்த நாயைக் காட்டோரம் வீசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள்.

கண், மூக்கில் சீழ், இருமல், பேதி, பிறகு தாடை வெட்டி வெட்டி இழுப்பது: இவை டிஸ்டெம்பராக இருக்கலாம். உடனே தனியாகக் கட்டி மருத்துவரைக் கூப்பிடுங்கள். தேறிய நாயும் வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் வைரஸைக் கக்கும். டிஸ்டெம்பர் வைரஸ் சோப்புக்கும் வெயிலுக்கும் தாங்காது. பார்வோ அப்படியல்ல, மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். தரையைக் கழுவி, ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிடுங்கள்.

ஆய்வுக்கு நாயின் ரத்தம் கேட்டால் கொடுங்கள், கூடவே தடுப்பூசி அட்டையையும் காட்டுங்கள். ரத்தத்தில் எதிர்ப்பொருள் (நோயை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம்) இருக்கிறது என்றால் அந்த வைரஸையோ அதன் ஊசியையோ உடம்பு சந்தித்திருக்கிறது என்றுதான் அர்த்தம். இப்போது நோய் இருக்கிறது என்றல்ல. ஊசி போட்ட நாயிலும் அது இருக்கும். அட்டை இல்லாவிட்டால் கணக்கே குழம்பிவிடும்.

நாய்க்கெல்லாம் ஊசி போட்டுவிட்டால் புலி தப்பித்தது என்றும் நான் சொல்லமாட்டேன். ரஷ்யாவின் தூரக்கிழக்கில் ஆய்ந்தபோது, அங்குள்ள புலிகளுக்குப் பெரும்பாலும் மற்றக் காட்டு விலங்குகளிடமிருந்தே டிஸ்டெம்பர் வந்திருக்கும் என்று தெரிந்தது. நம் கையில் இருப்பது நம் வாசல் வழி மட்டும். அந்த வைரஸ் மூளையைத் தாக்கினால் புலி மனிதருக்கு அஞ்சாமல் சாலையில் தள்ளாடி நிற்கும். அப்படி ஒன்றைக் கண்டால் படம் எடுக்கக் கிட்டப் போகாமல், நாய்களைக் கட்டிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.