தமிழ் கதைக்கும் அனிமேஷன் முகத்துக்கு உயிர் வர

தோல் துவாரங்களைச் செதுக்க இரண்டு கிழமை எடுப்பவர்கள், கண்ணுக்கும் வாய்க்கும் ஒரு பின்னேரத்தைத்தான் ஒதுக்குகிறார்கள். முகம் பிணம்போல் தெரிவது பெரும்பாலும் அதனால்தான். மனிதச் சாயலை மிக நெருங்கியும் முழுதாய் எட்டாத உருவம் பார்ப்பவரை அருவருக்க வைக்கும் என்று ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசஹிரோ மோரி 1970இலேயே எழுதிவிட்டார். கீழே உள்ளவை பிளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருளில், படத்தை உருவாக்கித் தரும் அதன் சைக்கிள்ஸ் ரெண்டரரைக் கொண்டு வேலை செய்வோருக்கு.

முதலில் வசனத்தைப் பேசும் ஒருவரைப் படம்பிடியுங்கள். நேரே ஒரு போன், பக்கவாட்டில் ஒரு போன், இரண்டு பதிவுகளையும் பின்னர் பொருத்தத் தொடக்கத்தில் ஒரு கைதட்டு. கொழும்பு வெள்ளவத்தை ஃபிளாட்டின் ரியூப் லைற்றுக்குக் கீழ் நொடிக்கு 30 ஃபிரேமில் எடுத்தால் படம் துடிக்கக்கூடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை மங்கித் தெளியும். 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள். அனிமேஷனும் 25 ஃபிரேமிலேயே இருக்கட்டும்.

இனி வாய். ஒலிக்கேற்ப உதட்டை அசைக்கும் தானியங்கி லிப் சிங்க் கருவிகள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்குச் செய்தவை. உகரத்தைக் கண்டதும் உதட்டைக் குவித்துவிடும். ‘பசு’, ‘பூ’ என்றால் சரி. ‘காசு’, ‘வந்து’, ‘பாட்டு’ என்பவற்றின் கடைசி ஒலி குற்றியலுகரம், அதற்கு உதடு குவியாது. பள்ளிக்கூடத்தில் அலுத்துப்போய்ப் படித்த இலக்கணம் இங்கேதான் உதவுகிறது. இதைத் திருத்தாவிட்டால் பாத்திரம் சொல்லுக்குச் சொல் விசிலடிப்பதுபோல் இருக்கும். குற்றியலுகரத்துக்குத் தனியாக ஒரு ஷேப் கீ (சேமித்து வைக்கும் முக வடிவம்) செய்யுங்கள்: தாடை கொஞ்சம் மூடி, கடைவாய் இயல்பாக, குவிப்பு பூச்சியம்.

‘அம்மா’வில் உதடு ஒலிக்கு 1 அல்லது 2 ஃபிரேம் முன்பே ஒட்டி, 3 அல்லது 4 ஃபிரேம் ஒட்டியபடி இருக்க வேண்டும். ஒரே ஃபிரேமில் மூடித் திறந்தால் ‘அமா’ என்றுதான் கண்ணுக்குப் படும். ட, ண, ள, ழ வரும்போது நாக்கு நுனி பின்னால் வளையும், திறந்த வாயில் அதன் அடிப்பக்கம் தெரியும். ஐபோன் முகப்பதிவு தரும் 52 வடிவங்களில் நாக்குக்கு இருப்பது ஒன்றே ஒன்று, அதுவும் வெளியே நீட்டுவது. ஆகவே நாக்கைக் கையால்தான் அசைக்க வேண்டும்.

கண் கோளத்தின் விட்டம் சுமார் 24 மில்லிமீட்டர். உள்ளே நிறமுள்ள கருவிழிக்கு ஒரு மெஷ் (3டி வடிவம்), வெளியே புடைத்த கார்னியா என்ற தெளிந்த படலத்துக்கு இன்னொன்று, அதற்கு ஐஓஆர் (ஒளிவிலகல் எண்) 1.376. இப்படிச் செய்ததும் கருவிழி இருண்டுவிடும், ஏனென்றால் கார்னியாவுக்குக் கொடுக்கும் கண்ணாடி ஷேடர் (மேற்பரப்பின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் அமைப்பு) நிழல் விழுத்துகிறது. லைட் பாத் நோடின் ‘இஸ் ஷேடோ ரே’யைக் கொண்டு நிழல் கதிருக்கு மட்டும் டிரான்ஸ்பேரண்ட் ஷேடர் கொடுங்கள். வெண்விழி தூய வெள்ளையாக இருக்கக் கூடாது. நம்மவர் கருவிழி பெரும்பாலும் கடும் பழுப்பு, உள் ரேகைகள் அவ்வளவாகத் தெரியாது. ஒளிப்புள்ளி ஒன்று பிரதிபலிக்காவிட்டால் கண் வெறும் ஓட்டைதான். பார்வை 1 அல்லது 2 ஃபிரேமில் தாவ வேண்டும், தலை அதற்குப் பின்னால் திரும்பட்டும். அசைவை மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிக்கும் பெசியர் வளைவை அப்படியே விட்டால் கண் மிதக்கும். இமைப்புக்கு மூட 2, மூடியபடி 1, திறக்க 3 அல்லது 4 ஃபிரேம்.

இவ்வளவையும் சாம்பல் நிறத்திலேயே ஓட்டிப் பாருங்கள். சாம்பல் முகம் நம்பும்படி கதைத்த பிறகு தோலுக்குப் போகலாம்.

தலை நாடியிலிருந்து உச்சிவரை 0.22 மீட்டர் அளவில் இருக்கட்டும், மாடலின் ஸ்கேலை அப்ளை பண்ணுங்கள். பத்து மடங்கு பெரிய தலையில் சப்சர்ஃபேஸ், அதாவது தோலுக்குள் ஒளி புகுந்து பரவும் விளைவு, இதே அளவுகளில் அநேகமாகத் தெரியாது. சப்சர்ஃபேஸ் ரேடியஸ் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு முறையே 1.0, 0.2, 0.1, சப்சர்ஃபேஸ் ஸ்கேல் 0.003 முதல் 0.005 வரை. வெள்ளைத் தோலுக்கான ஷேடரின் நிறத்தை மட்டும் கருமையாக்கினால் காது செம்மஞ்சளாக எரியும். மெலனின் மேற்தோலிலேயே ஒளியை விழுங்கிவிடுவதால் சப்சர்ஃபேஸ் வெயிட்டையும் குறைக்க வேண்டும். கொழும்புப் புழுக்கத்தில் நெற்றியும் மூக்கும் மினுங்கும்: அங்கே ரஃப்னஸ் (சொரசொரப்பு, குறைந்தால் மினுக்கம் கூடும்) 0.3, கன்னத்தில் 0.45.

ரெண்டரை எம்பி4 ஆக எடுக்காதீர்கள், இடையில் கரண்ட் போனால் ஃபைல் முழுதும் போய்விடும். பிஎன்ஜி வரிசையாகச் சேமித்து, ‘ஓவர்ரைட்’ டிக்கை எடுத்துவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். தொடங்கமுன் கடைசிப் படத்தை அழியுங்கள், பாதியில் நின்றதையும் முடிந்தது என்றே பிளெண்டர் எடுத்துக்கொள்ளும்.