மரியா காலஸைக் கேட்கத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓபரா (மேற்கத்திய இசை நாடகம்) பாடகி மரியா காலஸ் என்றதும் பலர் முதலில் தேடிப் படிப்பது, கப்பல் அதிபர் ஒனாசிஸுடனான காதல் கதையை. அங்கிருந்து தொடங்காதீர்கள். ஒனாசிஸை அவர் சந்தித்தது 1957-ல். அதற்குள் ஓபரா உலகம் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியாகிவிட்டது.

1923-ல் நியூயார்க்கில் கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர். பதின்ம வயதில் ஏதென்ஸ் போய் எல்விரா தெ இதால்கோவிடம் பாடம் கேட்டார். தன் பாடம் முடிந்தாலும் கிளம்பாமல், மற்ற மாணவர்கள் பாடுவதையும் உட்கார்ந்து கேட்பாராம். அந்த உழைப்பு 1949 ஜனவரியில் வெனிஸில் கைகொடுத்தது. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராவில் பிரூன்ஹில்டா என்ற பாத்திரத்தில் பாடிக்கொண்டிருந்தார். இத்தாலிய இசையமைப்பாளர் பெல்லினியின் 'இ பூரிதானி' ஓபராவில் நாயகியாகப் பாட வேண்டியவருக்கு உடம்பு சரியில்லாமல் போக, இசை நடத்துநர் செராஃபின் காலஸைப் பாடச் சொன்னார். முன்னது பெரிய வாத்தியக் குழுவை மீறி ஒலிக்க வேண்டிய கனத்த பாத்திரம். பின்னது பிருகாக்களும் உச்ச ஸ்வரங்களும் நிறைந்தது. சில நாள்களில் பாடம் பண்ணிப் பாடினார். ஒரே குரலில் இரண்டும் அமைவது அபூர்வம்.

கையில் கிடைத்த பதிவைக் கேட்டு முடிவுகட்டுவது இன்னொரு தவறு. 1973-74 கச்சேரிப் பயணத்தின்போது குரல் தளர்ந்துவிட்டது. 1953-ல் தெ சபாதா இசை நடத்த, மிலானில் பதிவான 'தோஸ்கா' ஓபராவைக் கேளுங்கள். இரண்டாம் அங்க முடிவில் கொடிய காவல்துறைத் தலைவன் ஸ்கார்பியாவைக் குத்திக் கொன்றபின், தோஸ்காவாகப் பாடும் காலஸ் "இவனுக்கு முன்னால் ரோம் முழுவதும் நடுங்கியது" என்கிறார். பாட்டில்லை, அடித்தொண்டையில் ஏறக்குறையப் பேச்சு. எனக்கு அந்த ஒரு வரி போதும்.

'குரலில் இனிமை இல்லையே' என்று ஒதுக்காதீர்கள். கரகரப்பு உண்டு, மேல் ஸ்தாயியில் ஆட்டமும் உண்டு. மைக் இல்லாமல் அரங்கின் கடைசி வரிசைக்கும் பாத்திரத்தின் கோபத்தைக் கொண்டுசேர்த்த குரல் அது. சினிமாப் பாட்டின் அளவுகோல் இங்கே உதவாது.

உடல் எடையைக் குறைத்ததால்தான் குரல் போனது என்று அடித்துச் சொல்வதும் சரியில்லை. எடை இறங்கியது 1953-54-ல். மிலானின் லா ஸ்காலா ஓபரா அரங்கில் அவர் பாடிப் பெயர்பெற்ற 'லா திராவியாத்தா' 1955-ல், 'அன்னா பொலேனா' 1957-ல்; இரண்டும் அதற்குப் பிறகுதான்.

1958 ஜனவரி 2-ல் ரோமில், இத்தாலிய ஜனாதிபதி வந்திருந்த 'நோர்மா' ஓபராவை முதல் அங்கத்தோடு நிறுத்தியதைத் திமிர் என்று எழுதினார்கள். அவருக்கு உடல்நலம் சரியில்லை. மாற்றுப் பாடகியும் இல்லை. பின்னாளில் நீதிமன்றம் அவர் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது.

பாட்டுப் படிப்பவர்கள் 1971-72-ல் நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் அவர் எடுத்த வகுப்புகளின் ஒலிப்பதிவைத் தவறவிடக் கூடாது. ஒவ்வொரு சொல்லையும் எப்படி எடுக்க வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லித் தருகிறார்.