உறைந்த மருந்தும் உயராத ஹீமோகுளோபினும்

சிறுநீரகப் பழுதால் இரத்தசோகை முற்றி, என் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 7.8 கிராமாக இறங்கியபோது, மருத்துவர் எரித்ரோபொய்டின் ஊசியை வாரம் ஒருமுறை தோலுக்கடியில் போட்டுக்கொள்ளும்படி எழுதித் தந்தார். எலும்பு மச்சையைத் தூண்டிச் சிவப்பணுக்களை உருவாக்கச் செய்யும் இந்தச் சுரப்பைப் பழுதடைந்த சிறுநீரகங்கள் போதிய அளவு தருவதில்லை.

இராமநாதபுரத்தில் வாங்கிய மருந்தைப் பாம்பனுக்குப் பேருந்தில் கொண்டுவருகையில், வெயிலுக்கு அஞ்சி, மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ்கட்டிகளுக்கு நடுவே புதைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மருந்து உறைந்திருந்தது. உருகியபின் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, அது புரத மருந்து, உறைந்தால் கெட்டுவிடும், தொடவே கூடாது என்றார் மருந்தாளுநர். அவ்வளவு பணமும் வீணானது என்னை மிகவும் வருத்தியது. அடுத்தமுறை மருந்து வாங்கியபோது ஐஸை உறையிலிட்டு அடியில் வைத்து, மேலே தடித்த துண்டை மடித்துப் போட்டு, அட்டைப்பெட்டியோடு மருந்தை அதன்மேல் வைத்தேன். உள்ளே ஒரு சிறு வெப்பமானி, மருந்துக்கு வேண்டிய 2 முதல் 8 டிகிரிக்குள் இருப்பதைக் காட்டியது. மருந்தைக் குலுக்கவும் கூடாது.

ஆறு வாரமாகியும் ஹீமோகுளோபின் அசையவில்லை. பரிசோதனையில், உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மிகக் குறைவாக இருந்தது. இரும்புச்சத்து இல்லாமல் ஊசி மட்டும் என்ன செய்யும்? மருத்துவமனையில் கண்காணிப்போடு இரத்தநாளம் வழியே இரும்புச்சத்து ஏற்றிய பிறகு, இரண்டு மாதத்தில் 10.4 ஆனது. வேகமாகவோ அதிகமாகவோ உயர்ந்தால் இரத்தக்கட்டும் பக்கவாதமும் வரக்கூடும் என்பதால், மருத்துவர் அப்போதே ஊசியின் அளவைக் குறைத்தார். இந்த ஊசி இரத்த அழுத்தத்தையும் உயர்த்தக்கூடும் என்பதால் அதை நான் இன்றும் நாள்தோறும் குறித்து வருகிறேன்.