பொது வெப்ப வலையமைப்பின் வரலாற்றைப் படிக்கும் முறை

குளிர் நாடுகளில் வீட்டுக்கு வீடு அடுப்பு மூட்டாமல், ஓரிடத்தில் உண்டாக்கிய வெப்பத்தைக் குழாய்வழியே பல கட்டடங்களுக்கு அனுப்பும் முறையின் வரலாற்றை அறிய விரும்புபவர், முதலில் குழாயில் ஓடியது எது என்று பார்க்க வேண்டும். 1877இல் அமெரிக்காவின் லாக்போர்ட் நகரில் பேர்ட்சில் ஹாலி அமைத்ததும், 1882இல் நியூயார்க்கில் தொடங்கியதும் நீராவியைக் கொண்டு சென்றவை. நீராவிக் குழாய்களில் வெப்ப இழப்பு மிகுதி. பிற்கால அமைப்புகள் பெரும்பாலும் வெந்நீரை நாடியதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்து, வெப்பத்தின் ஊற்றைத் தேடுங்கள். இதற்கு இலண்டனின் பிம்லிகோ பகுதியைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது என்பது என் கருத்து. தேம்ஸ் ஆற்றின் எதிர்க்கரையிலிருந்த பேட்டர்சி மின்நிலையத்தில் வீணாகிவந்த வெப்பம், ஆற்றுக்கு அடியில் செல்லும் குழாய்களின் வழியே, 1950களின் தொடக்கம் முதல் பிம்லிகோவின் சர்ச்சில் கார்டன்ஸ் குடியிருப்பை எட்டியது.

மூன்றாவதாக, சேமிப்பை ஆராயுங்கள். மின்நிலையத்தின் வெப்பம் கிடைக்கும் நேரமும் குடியிருப்போருக்கு அது தேவைப்படும் நேரமும் ஒத்துவராதாகையால், சர்ச்சில் கார்டன்ஸில் கண்ணாடி போர்த்திய உயரமான கோபுரத்தினுள் வெந்நீரைத் தேக்கிவைத்தனர். அது இன்றும் நிற்கிறது.

கடைசியாக, ஊற்று வற்றியபின் நடந்ததைப் பாருங்கள். பேட்டர்சி 1983இல் மூடப்பட்டது. பிம்லிகோவின் குழாய்களோ வேறு கொதிகலன்களோடு இணைந்து தொடர்ந்து இயங்கின.