பழைய கப்பல் இழப்புகளைத் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு கல்லூரி மாணவி தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். 1870 முதல் 1900 வரை வங்காள விரிகுடாவில் மூழ்கியும் காணாமலும் போன கப்பல்களின் பட்டியல். கப்பல் பெயர், தேதி, இடம், இறந்தவர்கள் என்று நான்கு கட்டம். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஒரு வரிகூட அடித்துத் திருத்தப்படவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் இருபது வருடத்துக்கு முன் என் நோட்டும் அச்சு அசலாக இப்படித்தான் இருந்தது. அதே நான்கு கட்டம், அதே ஒற்றைத் தேதி.

எழுத்துப்பிழை, பக்க எண் குறிக்க மறப்பது போன்றவற்றை நான் சொல்லப் போவதில்லை. அவற்றை யாரும் இரண்டாம் மாதத்திலேயே திருத்திக்கொள்வார்கள். வருடக்கணக்கில் கண்ணில் படாமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கும் தவறுகளைப் பற்றித்தான் இது.

பெயரை மட்டும் நம்புவது

ஒரே பெயரில் ஒரே காலத்தில் பத்துக் கப்பல்கள் ஓடியிருக்கும். அதனால்தான் 1854-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சட்டம் ஒவ்வொரு கப்பலுக்கும் ஓர் அதிகாரபூர்வ எண்ணைக் கொடுத்தது. அந்த எண்ணைக் கப்பலின் முதன்மை உத்தரத்திலேயே செதுக்க வேண்டும். கப்பல் கைமாறலாம், பெயர் மாறலாம், பதிவுத் துறைமுகம் மாறலாம், எண் மாறாது. முதலில் எண்ணைப் பிடியுங்கள்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. குஜராத்துக் கடற்கரையில் யாரைக் கேட்டாலும் 'விஜ்லி' மூழ்கிய கதையைச் சொல்வார்கள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பதிவேட்டில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. பதிவேட்டில் அது 'வைதர்ணா'. 1885-இல் ஸ்காட்லாந்தில் கட்டிய நீராவிக் கப்பல். உள்ளே மின்விளக்கு எரிந்ததால் ஊர் மக்கள் அதை 'விஜ்லி', அதாவது மின்னல் என்று அழைத்தார்கள். 1888 நவம்பர் 8 அன்று கச்சின் மாண்ட்வியிலிருந்து பம்பாய்க்குக் கிளம்பிய அந்தக் கப்பல் புயலில் சிக்கியது. ஒருவரும் திரும்பவில்லை. ஊர் ஒரு பெயரில் அழுதது, ஏடு இன்னொரு பெயரில் எழுதியது. இரண்டும் தெரிந்தால்தான் தேட முடியும்.

தேதி

இனி என்னை இன்றுவரை உறுத்திக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு கப்பல் இழப்புக்கு ஒரு தேதி என்று நினைக்கிறோம். கரையில் நாலு பேர் பார்க்கப் பாறையில் மோதியிருந்தால் அது சரி. நடுக்கடலில் போன கப்பலுக்கு அப்படிக் கிடையாது. அது புறப்பட்ட தேதி ஒன்று. எதிரே வந்த கப்பல் அதைக் கண்டு கொடி காட்டிப் பேசிய தேதி ஒன்று. பத்திரிகைகளின் கப்பல் செய்திப் பத்தியில் 'ஸ்போக்கன்' என்ற தலைப்பில் வருவது இதுதான். பிழைத்தவர்கள் யாராவது கரை சேர்ந்த தேதி, தந்தி போன தேதி, பத்திரிகை அச்சான தேதி என்று இன்னும் சில. எந்தச் செய்தியும் வராமலே போனால், லண்டனில் லாயிட்ஸ் என்ற கப்பல் காப்பீட்டுச் சந்தை அதைக் 'காணாமற்போனது' என்று அறிவித்துப் பலகையில் ஒட்டிய தேதி. காப்பீட்டுப் பணம் கைக்கு வர அந்த அறிவிப்பு வேண்டும், அதனால் அது முக்கியமான தேதிதான். ஆனால் அது கப்பல் மூழ்கிய தேதி இல்லை. சில மாதங்கள் கழித்து, 'இனி இது வராது' என்று கரையில் இருந்தவர்கள் ஒப்புக்கொண்ட தேதி.

பிற்காலத்தில் யாரோ பட்டியல் போடும்போது இந்தத் தேதிகளில் கைக்குக் கிடைத்த ஒன்றை எடுத்து 'இழந்த தேதி' என்ற கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள். எதை எடுத்தோம் என்று எழுதுவதில்லை. அடுத்தவர் அதைப் பார்த்து எழுதுகிறார், அவரைப் பார்த்து இன்னொருவர்.

நான் எழுதினேன். எழுதியதோடு நிற்காமல் ஒரு குடும்பத்துக்கும் சொன்னேன்.

கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு பெரியவர். அவருடைய கொள்ளுத்தாத்தா 1880-களில் பர்மாவின் மோல்மீன் துறைமுகத்தில் ஒரு மர வியாபாரியிடம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். தேக்கு ஏற்றிச் சென்னைக்கு வந்த பாய்மரக் கப்பலில் ஏறினார், வந்து சேரவில்லை. எந்த நாள் போனார் என்று தெரியாது. 'ஐப்பசி அடைமழையில் போனார்' என்று மட்டும் வீட்டில் ஒரு பேச்சு, பாட்டி வழியாக வந்தது. நாள் தெரியாதவர்களுக்கு அந்த மாதத்து அமாவாசையில் திதி கொடுப்பது வழக்கம். அதன்படி ஐப்பசி அமாவாசையில் கொடுத்து வந்தார்கள். அது தீபாவளியை ஒட்டி வரும் நாள். அதனால் மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் தீபாவளி என்றால் எண்ணெய்க் குளியல், பிறகு திதி, அவ்வளவுதான். பட்டாசு கிடையாது. பலகாரம் மறுநாள்.

கப்பலின் பெயரைக் கொடுத்து அவர் தேடச் சொன்னார். நான் ஒரு பட்டியலில் கண்டுபிடித்தேன். ஏப்ரல் முதல் வாரத்துத் தேதி போட்டிருந்தது. எனக்குச் சந்தேகமே வரவில்லை. கோடைப் புயல்களும் வங்காள விரிகுடாவுக்குப் புதிதல்ல. 1872 மே 2 அன்று சென்னையில் அடித்த புயல் என் மனதில் இருந்தது. துறைமுகமே இல்லாத அந்தக் காலத்தில் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நின்ற கப்பல்களை அது கரையில் தூக்கிப்போட்டது. ஏப்ரலில் அப்படி ஒன்று வந்திருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஐப்பசி என்று பாட்டி சொன்னதைக் 'குடும்பக் கதை' என்று ஒதுக்கிவிட்டு, தேதியை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்தேன்.

அவர் அந்த ஆண்டுப் பஞ்சாங்கக் கணக்கைப் பார்க்கச் சொல்லி, பங்குனி மாதத் திதியைக் குறித்துக்கொண்டார். அடுத்த தீபாவளிக்கு அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் முதன்முதலாகப் பட்டாசு வெடித்தார்கள். எனக்குப் போன் செய்து சொன்னார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூன்று வருடம் கழித்து வேறு ஒரு கப்பலுக்காகப் பழைய பத்திரிகையின் மைக்ரோஃபிலிம் சுருளைப் படிக்கருவியில் ஓட்டிக்கொண்டிருந்தேன். பொடி எழுத்தில் கப்பல் போக்குவரத்துப் பத்தி. மை ஊறி, பாதி எழுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் அந்தப் பெயர். மோல்மீனிலிருந்து அக்டோபர் கடைசி வாரம் புறப்பாடு, சரக்கு தேக்கு. சில நாள் இதழ்களைத் தள்ளிப் பார்த்தால், வேறொரு கப்பலின் கேப்டன் நவம்பர் தொடக்கத்தில் அதைக் கடலில் கண்டு பேசியதாக ஒரு வரி. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. மோல்மீனிலிருந்து சென்னைக்கு வர ஆறு மாதம் ஆகாது. ஏப்ரல் என்பது லாயிட்ஸ் கைவிட்ட தேதி. கப்பல் போனது நவம்பர் முதல் பாதியில், அதாவது ஐப்பசியில். பாட்டி சொன்னதுதான் சரி.

ஒரு வாரம் அந்த வீட்டுக்குப் போகாமல் இருந்தேன். பிறகு போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மூணு வருஷம் அவரைப் பட்டினி போட்டுட்டேனே தம்பி" என்றார். நான் என்ன பதில் சொல்ல முடியும்?

அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். எந்தத் தேதியைப் பார்த்தாலும், அந்த நாளில் அது யாருக்குத் தெரிந்திருக்க முடியும் என்று கேளுங்கள். 'காஸ்பாட்ரிக்' என்ற குடியேறிகள் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்துக்குப் போகும் வழியில் 1874 நவம்பர் 17 நள்ளிரவு வாக்கில், நன்னம்பிக்கை முனைக்குத் தென்மேற்கே தீப்பிடித்தது. 470-க்கும் மேற்பட்டவர்களில் கடைசியில் உயிர் பிழைத்தவர்கள் 3 பேர். நவம்பர் 27 அன்று 'பிரிட்டிஷ் செப்டர்' என்ற கப்பல் அவர்களைப் படகிலிருந்து தூக்கியது. டிசம்பரில் செயின்ட் ஹெலினா தீவில் இறக்கிவிட்டது. அந்தத் தீவில் அப்போது தந்தி இல்லை. லண்டனுக்குச் செய்தி எட்டியது டிசம்பர் கடைசியில். பிழைத்தவர்கள் இருந்தபோதே இவ்வளவு இடைவெளி. யாருமே பிழைக்காத கப்பலுக்கு எப்படி இருக்கும்?

இன்னொரு சின்னச் சிக்கல், ஒரு நாள் முன்னே பின்னே போவது. பழைய கடல் நாட்குறிப்பில் நாள் நள்ளிரவில் தொடங்காது, நண்பகலில் தொடங்கும், அதுவும் கரைக்கு 12 மணி நேரம் முன்னதாக. புதன் மதியம் ஒரு மணி என்பது கப்பலில் வியாழன் ஆகிவிடும். பிரிட்டிஷ் கடற்படை இந்த முறையை 1805-லேயே விட்டது. வணிகக் கப்பல்களில் இது நெடுநாள் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆளில்லாமல் மிதந்த 'மேரி செலஸ்ட்' கண்டுபிடிக்கப்பட்டது 1872 டிசம்பர் 4 என்று சிலரும் 5 என்று சிலரும் எழுதுவது இதனால்தான். ஒன்று கரைக் கணக்கு, மற்றது கடல் கணக்கு. இரண்டில் ஒன்றைத் தவறு என்று அடித்துவிடாதீர்கள்.

என் நோட்டில் இப்போது தேதிக்கு ஐந்து கட்டம் இருக்கிறது. புறப்பாடு, கடைசியாகக் கண்டது, கரைக்குச் செய்தி வந்தது, அச்சானது, காணாமற்போனதாக அறிவித்தது. பெரும்பாலான வரிகளில் மூன்று கட்டம் காலியாகவே கிடக்கும். கிடக்கட்டும்.

சேதம் என்றால் மூழ்கியது என்று எடுத்துக்கொள்வது

அரசின் ஆண்டுச் சேத அறிக்கைகளில் தரைதட்டியது, பாய்மரம் முறிந்தது, மோதியது எல்லாமே வரும். அவற்றில் பல பிறகு மிதக்கவிடப்பட்டு வருடக்கணக்கில் ஓடின. மேரி செலஸ்ட்டும் அப்படித்தான். ஆளில்லாமல் கிடைத்த பிறகு 12 வருடம் வேலை பார்த்தது. 1885 ஜனவரியில் காப்பீட்டுப் பணத்துக்காக அதன் கேப்டன் ஹெயிட்டி அருகே பவளப்பாறையில் வேண்டுமென்றே ஏற்றினார்.

தீர்க்கரேகை

பிரெஞ்சுக் கப்பல் என்றால் உடனே நின்று யோசியுங்கள். 1884-இல் வாஷிங்டன் மாநாடு கிரீனிச்சைப் பூஜ்ஜியமாக ஏற்றபோது பிரான்ஸ் சேரவில்லை. 1911 வரை பாரிஸை வைத்தே எண்ணியது. இரண்டுக்கும் இடையே 2 பாகை (டிகிரி) 20 கலை (நிமிடம்). புதுச்சேரி, காரைக்கால் பக்கத்து அட்சரேகையில் அது ஏறக்குறைய 250 கிலோமீட்டர். பழைய பிரெஞ்சு ஆவணத்தில் உள்ள எண்ணை அப்படியே கூகுள் வரைபடத்தில் போட்ட ஒருவர், காரைக்காலுக்குப் போன கப்பல் தஞ்சாவூரையும் தாண்டி நிலத்துக்குள் கிடக்கிறதே என்று என்னிடம் கேட்டார். அவருக்காவது அது நிலத்தில் விழுந்தது, சந்தேகம் வந்தது. கடலிலேயே விழுந்திருந்தால் கண்டுபிடித்திருக்கவே மாட்டார்.

திசை

கேப்டன் சொல்வது காந்த ஊசியின் வடக்கு. 1880-களில் லண்டன் பக்கம் அது உண்மையான வடக்கிலிருந்து 18 பாகை மேற்கே விலகியிருந்தது. நம் கடலில் விலகல் சொற்பம்தான்.

ஆழம்

கடல் ஆழத்தைச் சொல்லும் பாகம் (fathom) என்றால் ஆறடி. மீட்டர் இல்லை.

டன்

மொத்த டன்னா (கப்பலின் முழுக் கொள்ளளவு), நிகர டன்னா (சரக்கும் பயணிகளும் ஏறும் இடம் மட்டும்) என்று தெரியாமல் எழுதாதீர்கள்.

இறந்தவர்களின் எண்ணிக்கை

எண்ணைப் பார்க்கும் முன் யார் எண்ணினார்கள், யாரை எண்ணினார்கள் என்று பாருங்கள். 1878 செப்டம்பர் 3 அன்று தேம்ஸ் ஆற்றில் 'பிரின்சஸ் ஆலிஸ்' உல்லாசப் படகு மோதி மூழ்கியது. லண்டனுக்குப் பக்கத்திலேயே நடந்த விபத்து. பயணிகள் பட்டியல் இல்லாததால் 600-க்கு மேல் என்பதைத் தாண்டி உறுதியாக யாராலும் சொல்ல முடியவில்லை. அங்கேயே அப்படி என்றால், டிக்கெட்டில் பெயர்கூட எழுதாத மேல்தளப் பயணிகள் நெருக்கியடித்து ஏறிய நம் பக்கத்துக் கப்பல்களைப் பற்றி என்ன சொல்வது? வைதர்ணாவுக்கு ஏடுகள் 740-ஐ ஒட்டிச் சொல்கின்றன, மக்கள் வாய்க்கணக்கு 1300 என்கிறது. சராசரி எடுக்காதீர்கள். இரண்டையும் எழுதி, எது எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் குறியுங்கள்.

இந்தியக் கப்பலாட்களையும் தேடிப் பாருங்கள். லஸ்கர்கள் என்று ஒரே சொல்லில், பெயர் இல்லாமல், வெறும் எண்ணாகத்தான் பல விசாரணைக் குறிப்புகளில் வருவார்கள். சில சமயம் 'உயிரிழப்பு' என்ற கட்டத்தில் அந்த எண்ணும் சேராது.

1887 மே 25 அன்று 'சர் ஜான் லாரன்ஸ்' புயலில் போனது. கல்கத்தாவிலிருந்து பூரி ஜகந்நாதரைத் தரிசிக்கக் கிளம்பிய 700-க்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். கல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றுப் படித்துறை ஒன்றில் அவர்களுக்கு ஒரு கல் வைத்திருக்கிறார்கள். சில ஆங்கிலப் பெண்கள் வைத்தது. கப்பலின் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது. போனவர்களில் ஒருத்தியின் பெயரும் இல்லை. வைத்தவர்களுக்கும் தெரிந்திருக்காது. அந்த மாணவியின் நோட்டில் இந்தக் கப்பலுக்கு நேரே 'சுமார் 750' என்று இருந்தது. எங்கே எடுத்தாய் என்று கேட்டேன். நினைவில்லை என்றாள். பென்சிலை எடுத்து அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போடச் சொன்னேன்.

புதையல்

தங்கம் இருந்ததாகத் தொடங்கும் எந்தக் குறிப்பிலும் நேரத்தைச் செலவிடாதீர்கள்.